உப்புக்குச் சப்பாணி வேண்டாம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் 2010ஆம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "பத்து நிமிஷம் பேசுங்க. இண்டஸ்ட்ரி, வேலை வாய்ப்பு, ஏதாவது ஒண்ணு" என்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஜிக், ஃபிக்ஸ்சர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்ப்பவன் நான். அதைப் பற்றிப் பேசியிருக்கலாம். ஆனால் மனசில் பதினைந்து வருஷமாக ஒரு விஷயம் கிடக்கிறது. அதைச் சொல்ல இந்த மேடையை விட்டால் எனக்கு வேறு மேடை இல்லை. மதியம் நடக்கப் போகும் முன்னாள் மாணவர் கிரிக்கெட் மேட்சுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. அதனால் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

எங்கள் பேட்ச்சில் ஒரு நண்பன் இருந்தான். குழந்தையில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியது. முழங்கால் மேல் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பான். நான் டிபார்ட்மென்ட் கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன். நான்கு வருஷமும் அவன்தான் எங்கள் ஸ்கோரர். எங்கள் பைகளுக்கும், வாட்ச்சுகளுக்கும், பர்சுகளுக்கும் அவன்தான் காவல். அவனைச் சேர்த்துக்கொண்டோம், ஒதுக்கவில்லை என்று எனக்குப் பெருமை வேறு! வருஷக் கடைசியில் "பெஸ்ட் ஸ்கோரர்" என்று கைதட்டி ஒரு பேனா கூடக் கொடுத்தோம். நான்கு வருஷத்தில் ஒரே ஒரு பந்தைக்கூட அவன் ஆடவில்லை. 'ஆடுறியா?' என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அப்போது அது எனக்குத் தவறாகவே தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றால் எனக்கும் ஒன்று வர வேண்டியிருந்தது.

2014இல் எனக்கு வயது இருபத்தாறு. காலையில் எழுந்தால் இடுப்பு மரக்கட்டை. ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாது. ராத்திரி மூன்று மணிக்கு வலியில் விழிப்பு வந்துவிடும். நடந்தால் கொஞ்சம் தேவலாம், படுத்தால் அதிகம். 'டிஸ்க் பிராப்ளம்' என்று சொல்லி, 'விளையாட்டு எல்லாம் மறந்துடுங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க' என்றார்கள். நான் நல்ல பிள்ளையாக ரெஸ்ட் எடுத்தேன். எடுக்க எடுக்க இன்னும் இறுகியது. திருமுல்லைவாயலிலிருந்து அம்பத்தூர் போக ரயில் ஏறுகிறவன், மேம்பாலப் படிக்கட்டைப் பார்த்தாலே பஸ்ஸுக்குப் போய்விடுவேன். நான்கு வருஷம் கழித்து, 2018இல்தான் வாத நோய் நிபுணர் ஒருவர் நோயின் பெயரைச் சொன்னார்: ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே எதிரி என்று நினைத்து முதுகெலும்பின் மூட்டுகளைத் தாக்குகிற வியாதி. பெரும்பாலும் இளம் வயதில்தான் ஆரம்பிக்கும். விட்டுவிட்டால் காலப்போக்கில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகவும் கூடும்.

அந்த டாக்டர் சொன்ன அடுத்த வார்த்தைதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "இதுக்கு மாத்திரை பாதி, உடற்பயிற்சி பாதி. அசையாம இருக்கிறதுதான் உங்களுக்கு எதிரி." நான்கு வருஷமாக மருந்து என்று நினைத்து எதை எடுத்துக்கொண்டிருந்தேனோ, அதுவே எனக்கு ஆகாத ஒன்று!

இந்த நேரத்தில்தான் நண்பன் வீட்டுக்கு வந்தான். 'இனிமே நமக்கு கிரிக்கெட் எல்லாம் இல்லடா' என்று நான் புலம்பினேன். அவன் சிரித்தான். "வாடா, நீயும் ஸ்கோர் புக் பக்கம் வந்துட்டியா?" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "நாலு வருஷத்துல ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாமேடா. நான் ஊர்ல தெருவுல பேட் பண்ணினவன்தான். பை ரன்னர் வெச்சுப்போம்."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "நீ கேட்டிருக்கலாமேடா" என்றேன். "கேப்டன் நீ. நான் கேட்டா அது பிச்சை. நீ கூப்பிட்டா அது டீம்" என்றான்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். நான் தெரிந்துகொண்டதில் கொஞ்சத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், இது யாரோ நாலு பேருடைய பிரச்சினை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இதைவிடப் பெரிது: உலகில் ஆறு பேரில் ஒருவர். நீண்டகால நோய்களைச் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்றது. அந்த ஆய்வை நடத்தியது நம் சென்னையின் நிறுவனம்தான். இந்த அரங்கில் உள்ள சீனியர் அண்ணன்மார்களில் எத்தனை பேர் பையில் மாத்திரை டப்பா இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை!

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. தசைச் சிதைவு, பார்க்கின்சன், ஹீமோஃபிலியா, தலசீமியா என்று நீண்டகால நோய்களும் அந்தப் பட்டியலில் வந்தன. விளையாட்டில் பங்கெடுப்பது அவர்கள் உரிமை, அதற்கு வழி செய்வது அரசின் கடமை என்று அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. சலுகை என்று சொல்லவில்லை, உரிமை என்கிறது.

மருத்துவமும் மாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டியில்தான் முதல்முறையாக மாற்றுத்திறனாளிகளுக்கும் நீண்டகால நோய் உள்ளவர்களுக்கும் தனியாகப் பரிந்துரை எழுதினார்கள். முடிந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம். முடியாதவர்கள் முடிந்த அளவு. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது நல்லது. அவ்வளவுதான் அதன் சாரம். ஆஸ்துமாக்காரர் ஓடக் கூடாது, சர்க்கரைக்காரர் விளையாடினால் மயங்கி விழுவார், ஹீமோஃபிலியா பையனைப் பெஞ்சில் உட்கார வை என்பதெல்லாம் பழைய கதை. எப்படிச் செய்வது, எவ்வளவு செய்வது, எதை முன்கூட்டிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்றைய கேள்வி. இன்சுலின் போடுகிற தம்பி, விளையாடும் முன் சர்க்கரை அளவைப் பார்த்து, பாக்கெட்டில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு இறங்கலாம். ஆஸ்துமா உள்ள தங்கை, டாக்டர் சொன்னபடி இன்ஹேலரை வைத்துக்கொண்டு, நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு ஓடலாம். வலிப்பு உள்ளவர் துணையோடு நீந்தலாம். ஒவ்வொருவரும் தம் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் "என்ன செய்யக் கூடாது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "என்ன செய்யலாம் டாக்டர்?" என்றும் கேளுங்கள். நான் நான்கு வருஷம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

கிரிக்கெட் பைத்தியங்களுக்காக இரண்டு பெயர்கள் சொல்கிறேன். வாசிம் அக்ரமுக்கு நீரிழிவு என்று தெரிந்தது 1997இல். அதற்குப் பிறகும் ஆடி, 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டியில் 500ஆவது விக்கெட்டை எடுத்தார். இங்கிலாந்தின் மைக் ஆதர்ட்டனுக்கு இருந்தது என்னுடைய அதே முதுகு வியாதி. அந்த முதுகோடுதான் 1995 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று, அவுட் ஆகாமல் 185 எடுத்து டெஸ்ட்டைக் காப்பாற்றினார். டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று ராத்திரி இதைப் படித்துவிட்டு நான் அழுதேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 29 பதக்கம் வாங்கியது. அதில் பேட்மின்டனில் வெண்கலம் வாங்கிய மனிஷா ராமதாஸ் நம் திருவள்ளூர்ப் பெண். பிறக்கும்போதே நரம்பு பாதித்து வலது கை பலவீனமானது. அதே பிரிவில் வெள்ளி வாங்கிய துளசிமதி காஞ்சிபுரம். ரியோ 2016இல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய சேலத்து மாரியப்பன், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியவர். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டு ஆசிரியர், 'நீ ஹை ஜம்ப் தாண்டிப் பாரு' என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால்? நம் கல்லூரியில் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவன் நான். நான் பேனா கொடுத்தேன்.

ஆனால் எல்லோரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. நான் கேட்பது பதக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அதற்கு என்னவெல்லாம் தடை என்று என் நண்பனோடு ஒரு நாள் சுற்றிப் பார்த்தேன். நடைபாதை என்று இருக்கும், அதன் மேல் பைக் நிற்கும். பார்க் இருக்கும், வாசலில் மாடு வராமல் இருக்க இரும்புக் குழாய் போட்டிருப்பார்கள்; மாடும் வராது, சக்கர நாற்காலியும் வராது. உடற்பயிற்சிக் கூடம் இருக்கும், இரண்டாவது மாடியில். கழிப்பறைக்கு நான்கு படி. எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால், ஊரே திரும்பிப் பார்க்கும். 'பாவம்' என்று ஒரு குரல், 'சூப்பர் சார், உங்களைப் பார்த்தா இன்ஸ்பிரேஷன்' என்று இன்னொரு குரல். "ரெண்டுமே வேண்டாம்டா, வழியை விட்டா போதும்" என்பான் அவன். வெளியே தெரியாத நோய் உள்ளவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை. என்னைப் பார்த்தால் கல் மாதிரி இருப்பேன். 'நல்லாத்தானே இருக்கே, என்னடா நடிக்கிறே?' என்பார்கள். ஒரு நாள் ஓட முடியும், மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. அதை விளக்கிச் சொல்ல வெட்கப்பட்டே பலர் மைதானத்துக்கு வருவதை விட்டுவிடுகிறார்கள்.

வழி செய்தால் வருவார்கள் என்பதற்கு மெரினாவே சாட்சி. 2022 நவம்பரில் அங்கே மணல் மேல் மரப்பாதை போட்டார்கள். வாழ்நாள் முழுவதும் சென்னையில் இருந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் சக்கர நாற்காலியில் தண்ணீர் பக்கம் வரை போனார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அடித்துப் பாதை சேதமானது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். கடல் நகர்ந்து வரவில்லை, பாதைதான் நீண்டது.

இனி விதிகளுக்கு வருகிறேன். 'பாவம், அவனுக்காக ரூல்ஸை மாத்தினா அது கிரிக்கெட்டே இல்லையே' என்று சிலர் சொல்வார்கள். நண்பர்களே, தெருவில் நாம் ஆடியது எந்த ரூலில்? சுவரில் நேராகப் பட்டால் அவுட். மாடிக்குப் போனால் அவுட், பந்தையும் அடித்தவனே எடுத்து வரணும். ஒன் பிட்ச் கேட்ச். ஆள் குறைந்தால் காமன் கீப்பர். பின்பக்கம் ரன் கிடையாது. ஒரு சுவருக்காக, ஒரு மாமி வீட்டு ஜன்னலுக்காக ரூல்ஸை மாற்றினோமே! ஒரு மனுஷனுக்காக மாற்றினால் மட்டும் கிரிக்கெட்டுக்குத் தீட்டா?

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் பார்வையற்ற இளைஞர்கள் கிரிக்கெட் ஆடுவதை ஒரு நாள் நின்று பார்த்தேன். கெட்டிப் பிளாஸ்டிக் பந்து. உள்ளே சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். உருண்டால் கலகலவென்று சத்தம் வரும். பந்து வீசுபவர் 'ரெடியா?' என்று கேட்டு, பதில் வந்த பிறகு 'ப்ளே' என்று சொல்லி, கையைத் தாழ்த்தி வீச வேண்டும். பந்து பாதிப் பிட்ச்சுக்குள் தரையில் பட வேண்டும். முழுப் பார்வையற்றவர் எடுக்கும் ரன் இரட்டிப்பு. அவர் ஒரு பவுன்ஸில் பிடித்தாலும் அது கேட்ச். இந்த விதிகளில் 1998இல் டெல்லியில் முதல் உலகக் கோப்பையே நடந்தது. ஆட்டத்தில் இரக்கம் துளியும் இல்லை. எல்பிடபிள்யூ அப்பீலுக்கு நம்மைவிடப் பெரிய சண்டை!

தமிழில் நமக்கு ஒரு வார்த்தை உண்டு, 'உப்புக்குச் சப்பாணி'. சின்னப் பிள்ளையை ஆட்டத்தில் பேருக்குச் சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ஓடினாலும் கணக்கில்லை. அந்த வார்த்தைக்குள்ளேயே கால் முடியாதவன் உட்கார்ந்திருக்கிறான், கவனித்தீர்களா? இத்தனை நாள் நாம் கொடுத்தது இரண்டே இடம்: ஒன்று மைதானத்துக்கு வெளியே, இல்லையென்றால் உப்புக்குச் சப்பாணி. "ரெண்டும் வேண்டாம். எனக்கு ஏத்த மாதிரி ஒரு ரூல் வை. அதுக்கப்புறம் அவுட்னா அவுட்" என்றான் நண்பன். விதியை முன்கூட்டிச் சொல்லி, எல்லோரும் ஒப்புக்கொண்டு, பிறகு முழு மூச்சாக ஆடுவது விளையாட்டு. மனசு இரங்கி வேண்டுமென்றே கேட்ச் விடுவது அவமானம்.

எங்கள் தொழிற்சாலையில் புது மெஷின் வந்தது. லிவர் உயரத்தில் இருந்தது, ஆபரேட்டருக்கு எட்டவில்லை. அவருக்கு மெஷினுக்குத் தகுதியில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. காலடியில் ஒரு பலகை மேடை போட்டோம். அரை நாள் வேலை. இன்ஜினியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018இல் என்னை முதல்முறை நீச்சல் குளத்துக்கு இழுத்துப் போனவன் என் நண்பன். தரையில் கையூன்றி நடக்கிறவன் தண்ணீரில் மீன் மாதிரி போகிறான். நான் கரையிலேயே பயந்து நின்றேன். "இறங்குடா, நான் இருக்கேன்ல" என்றான். நான் அவனை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவன் என்னைக் கூப்பிட்டான். இன்றும் எனக்கு வலி உண்டு, மாத்திரை உண்டு, முடியாத நாட்களும் உண்டு. ஆனால் ஷூ லேஸை நானே கட்டுகிறேன்.

இந்தச் சங்கத்திடமும் கல்லூரியிடமும் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, நம் பெவிலியனுக்கு இரண்டு படி. படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் ஒரு அடி உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுக் கணக்கில் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் போதும். நேற்று நானே டேப் வைத்து அளந்தேன். செலவை எங்கள் 2010 பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. அனுமதி மட்டும் தாருங்கள்.

இரண்டு, உடற்கல்வித் துறையில் 'விளையாட்டிலிருந்து விலக்கு' என்று ஒரு மருத்துவப் படிவம் இருக்கிறது. அதில் இன்னொரு வரி சேருங்கள்: 'இவர் செய்யக்கூடியவை'. டாக்டர் அதையும் எழுதட்டும். காகிதத்தில் ஒரு வரிதான். அந்த மாணவனுக்கோ மாணவிக்கோ நான்கு வருஷம்.

மூன்று, இன்றைய மதிய மேட்ச். முடியாதவர்கள் யாரும் ஸ்கோர் போட வேண்டாம்; ஸ்கோர் போட ஆசைப்படுகிறவர்கள் மட்டும் போடுங்கள். யாருக்கு என்ன விதி வேண்டுமோ, டாஸுக்கு முன் சொல்லுங்கள். ரன்னர் வேண்டுமானால் ரன்னர். சர்வதேசப் போட்டிகளில் ரன்னரை 2011இல் நிறுத்திவிட்டார்கள் என்று யாராவது சட்டம் பேசினால், நம் மைதானம் இன்னும் லார்ட்ஸ் ஆகவில்லை என்று சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் பைகளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரே கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே போய்க் கூப்பிடுங்கள். 'வேண்டாம்' என்றால் சரி, அது அவர் இஷ்டம். கூப்பிடாமல் இருந்தது மட்டும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். என் கணக்கில் நான்கு வருஷம் எழுதப்பட்டிருக்கிறது.

என் நண்பன் இன்று இந்த அரங்கில்தான் இருக்கிறான். எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைக்க மாட்டேன். 'அப்படிச் செய்தால் எழுந்து போய்விடுவேன்' என்று காலையிலேயே எச்சரித்துவிட்டான். இந்தக் கதையைச் சொல்ல அவனிடம் அனுமதி வாங்கித்தான் மேடை ஏறினேன். மதியம் எங்கள் டீமுக்கு அவன் ஓப்பனிங் பேட்ஸ்மேன். ஓடப் போவது நான். முதுகு எத்தனை ஓவர் தாங்கும் என்று தெரியாது. ஸ்கோர் புக் என் பையில் இருக்கிறது, யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்.

டேய், ரன் அவுட் ஆக்கினால் திட்டாதே. பதினைந்து வருஷ பாக்கி, ஒரே மேட்ச்சில் தீராது.